கூட்டம் போட வந்தவர்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றும் பாலை அவர் கண்ணெதிரே விரலில் தொட்டுச் சொட்டவிட்டுப் பார்ப்பேன். சிலிண்டர் வந்தால் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். யாராவது என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும் பாப்பா, ஊரே தூங்காது" என்று அப்பா கேலி செய்வார்.

உண்மையில் என் தொழிலுக்கு இந்தக் குணம் தேவைதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ், போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை கல்யாணம், காதுகுத்து, கட்சி. மீதி கண்ணீர் அஞ்சலி. உயிரோடு இருக்கிறவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துவிட்டால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால் கேதச் செய்தி வந்தால் இரண்டு பேரிடமாவது விசாரித்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன்.

இப்படி எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கிற நான், அந்த மே மாதம் ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்காமலே நம்பினேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் டாக்டரம்மா இறந்தார். ஊரில் பாதிப் பேரைப் பிரசவ அறையிலிருந்து வெளியே தூக்கிக் கொடுத்தவர் அவர்தான், என்னையும் சேர்த்து. அந்த வாரம் ஒரு தெரு விடாமல் அவர் முகம்தான். எனக்கு இரண்டு நாள் சாப்பிட நேரமில்லை.

போஸ்டரைப் பிழை திருத்த மாமா வந்தார். மாமா என்றால் ரத்த உறவு இல்லை. அப்பாவின் சிநேகிதர். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மாமா டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, துணிப்பை, வெயிலோ மழையோ ஒரு கறுப்புக் குடை. எங்கள் ஊரில் பெரிய மனிதர் யார் இறந்தாலும் இரங்கல் கூட்டத்தில் அவர் பேச்சு உண்டு. கல்நெஞ்சுக்காரரையும் அழவைத்துவிட்டுத்தான் மைக்கைக் கீழே வைப்பார். என் கடையில் உட்கார்ந்து போஸ்டரை எழுத்தெழுத்தாகப் படிப்பார். "அஞ்சலிக்கும் கூட்டத்துக்கும் நடுவுல 'க்' எங்க தாயி? செத்தவங்களுக்கு ஒத்தெழுத்து வேண்டாமா?" என்பார்.

டாக்டரம்மாவின் கூட்டத்தில் அவர் அதிகம் பேசவில்லை. "இம்புட்டுப் பேரு இம்புட்டு நேரமா அந்தம்மாவைப் புகழுறோமே, ஒரு வார்த்தை அவங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. அவர் கைதட்டியவர்களை எரிச்சலோடு பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சாளர்கள் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது பூ மார்க்கெட்டின் மூத்த கமிஷன் கடைக்காரர். ஊரில் விழும் மாலைகளில் பாதி அவர் கடை வழியாகப் போனவை. ஆர்டர் கொடுக்க வந்த அவருடைய மகன் போட்டோவை என்னிடம் நீட்டிக்கொண்டே, "படுத்த படுக்கைன்னாலும் நேத்துச் சாயந்திரம்கூடத் தெளிவாத்தான்க்கா இருந்தாரு. டெலிபோன் ஆபீஸ் ஐயா வந்தாரு. கையப் பிடிச்சுக்கிட்டு செத்த நேரம் பேசுனாரு. சின்ன வயசுக் கதையெல்லாம் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டுப் போனாரு" என்றான்.

நோட்டில் எழுதினாரா? எதற்கு? எனக்குள் முதல் மணி அடித்தது அப்போதுதான்.

நாலைந்து நாள் கழித்து, கான்வென்ட் பள்ளியின் பழைய தலைமையாசிரியை, ஊரே சிஸ்டர் என்று அழைத்தவர், இறைவனில் இளைப்பாறினார். எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் அவரிடம் அடி வாங்கியவர்கள், எல்லோரும் அழுதோம். விவரம் கொண்டு வந்த இளைய சிஸ்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "யாராவது பாக்க வந்தாங்களா சிஸ்டர்?" "ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் ஒரு பெரியவர் வந்தார். குடை வச்சிருந்தார். நோட்டுல என்னவோ எழுதிக்கிட்டே இருந்தார்" என்றார் அவர். சிஸ்டர் இறந்தது செவ்வாய்க்கிழமை.

அதற்கு மேல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆள் சாவதற்கு முன்பே இரங்கல் உரைக்குக் குறிப்பு எடுக்கிறாரா இந்த மனிதர்? யாருக்கு நாள் நெருங்கிவிட்டது என்று இவருக்கு எப்படித் தெரிகிறது? இல்லை, இவர் போய்ப் பார்ப்பதால்தான் நெருங்குகிறதா? இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வந்ததோடு என் சந்தேகம் முடிந்துபோய் உறுதியாகிவிட்டது. அங்கே காய்கறி மார்க்கெட்டில் மதிப்போடு இருந்த பெரியவர். கேரளாவுக்குப் போகிற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மருமகன் பேசினார். "ஏனுங்க, மாமனாரு தவறிட்டாருங்க. போஸ்டர் உடனே வேணுமுங்க."

"யாராச்சும் வந்து பாத்தாங்களா?" என்று நானே கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி.

"மத்தியானம் ஒருத்தரு திண்டுக்கல்லுல இருந்து பஸ்ஸுல வந்தாருங்க. பேசிட்டுத்தான் போனாரு. ஏனுங்க கேக்கறீங்க?"

போட்டோவை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவரிடம் சொல்லாத காரணத்தைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரியிடம் சொன்னேன். அவள் டீக்கடையில் சொல்லியிருப்பாள். வாரம் முடிவதற்குள் மாமா தெருவில் வந்தால் வயதானவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதாகப் பேச்சு. ஊர் வாயைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கிளப்பிவிட்டவள் நான்தான்.

எனக்குப் பயம் ஊருக்காக இல்லை. அப்பாவுக்காக.

அப்பா கால்நடை டாக்டராக இருந்தவர். ரெட்டியார்சத்திரம், கன்னிவாடிப் பக்கத்து ஊர்களில் அவர் கை படாத மாடு இல்லை. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும், கன்று திரும்பிக் கிடக்கிறது என்று விடியற்காலையில் போன் வரும். அந்த ஏப்ரலில் இதயத்தில் வால்வு பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் தாங்காது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா போய் எட்டு வருஷம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அமைந்த இடத்திலும் நான் சந்தேகப்பட்டுக் கெடுத்துக்கொண்டேன். எனக்கு இருப்பது அப்பா ஒருவர்தான்.

ஒட்டன்சத்திரத்துப் போஸ்டரைத் திருத்த வந்த அன்று, மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"தாயி, அப்பனோட நல்ல போட்டோ ஒண்ணு வச்சிருக்கியா? சிரிச்ச மாதிரி இருக்கணும். அவனுக்கும் ஒரு கூட்டம் போட்டுறணும். இனிமே தள்ளிப்போடக் கூடாது."

எங்கள் கடையில் கூட்டம் என்றால் இரங்கல் கூட்டம்தான்.

"போட்டோ இல்ல மாமா" என்றேன்.

"நான் வீட்டுக்கே வாரேன். அவன்கிட்டயும் கொஞ்சம் பேசணும்."

மறுநாள் வந்தார். கிரில் கேட்டுக்கு உள்ளே நின்று, "அப்பா தூங்குறாரு மாமா" என்றேன். உள்ளே அப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் வாசல் வரை கேட்டது. மாமா கேட்காததுபோல் திரும்பிப் போனார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தார். "டாக்டர் யாரையும் பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றேன். அப்பாவின் செல்போனில் மாமாவின் நம்பரைத் தடுத்து வைத்தேன். வாட்ஸ்அப்பிலும் தடுத்தேன். இதிலெல்லாம் நான் கெட்டிக்காரி.

"ஏன் பாப்பா, அவன் போன்கூடப் பண்ணலையே?" என்று அப்பா கேட்பார்.

"வெயில் இந்தக் கொளுத்துக் கொளுத்துதுல்லப்பா. வெளிய வரமாட்டாரு."

"போன் பண்றதுக்கு வெயில் என்ன? நானும் பண்ணிப் பாத்துட்டேன். அடிக்குது, எடுக்க மாட்டேங்குறான்." அன்று மாமா எடுக்காமல் போனது என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே போனைச் சார்ஜ் போடுவதாக வாங்கி என் அறையில் வைத்தேன். அப்பா சிறுபிள்ளை மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது முறை உச்சி வெயிலில் வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பையில் நுங்கு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கதவத் தொற தாயி. ரெண்டு நிமிஷம். அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருறேன்."

எனக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ. "நீங்க பாத்துட்டுப் போன வீட்ல எல்லாம் என்ன நடக்குதுன்னு ஊருக்கே தெரியும் மாமா. எங்கப்பாவையாவது விட்டுருங்க" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். பிறகு புரிந்தது. அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. "சரி தாயி" என்றார். நுங்குப் பையைக் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். அவர் தெரு முனை திரும்பும்வரை காத்திருந்து, பையை எடுத்து அப்படியே குப்பையில் போட்டேன். நுங்கின் மீதும் எனக்குச் சந்தேகம்.

மாதக் கடைசியில் மாமா இறந்துபோனார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது கடையில் இருந்தேன். மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்பா தப்பித்தார் என்று நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

அன்று சாயந்திரம் அவருடைய மகள் அந்தத் துணிப்பையோடு கடைக்கு வந்தாள். என்னைவிடச் சின்னவள், கரூரில் இருக்கிறாள்.

"போஸ்டருக்கு ஒரு நல்ல போட்டோ இல்லக்கா. எல்லாருக்கும் போட்டோ தேடுவாரு, தனக்கு எடுத்துக்கல. இந்தப் பையில ஏதாச்சும் இருக்கா பாருங்க."

பையில் அந்த நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில் மாமாவின் உருண்டை எழுத்தில், 'பாராட்டுக் கூட்டம். அவர்கள் இருக்கும்போதே. காது கேட்கும்போதே' என்று இருந்தது. ஒற்று எதுவும் விடுபடவில்லை. கீழே நான்கு பேர். பூ மார்க்கெட்காரர், சிஸ்டர், ஒட்டன்சத்திரத்துக்காரர், அப்பா. முதல் மூவருக்கும் நேராக 'முந்திக்கொண்டார்' என்று எழுதியிருந்தார்.

"டாக்டரம்மா கூட்டத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்து போன்ல இதே பேச்சுதான்க்கா. படுக்கையில கெடக்குறவங்க யார் யாருன்னு விசாரிச்சு விசாரிச்சு ஓடுனாரு. மாட்டு டாக்டருக்காச்சும் நடத்திறணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்த அன்னிக்கு அப்புறம் அதப் பத்தி ஒண்ணும் பேசல" என்றாள்.

அவர் போனதால் அவர்கள் சாகவில்லை. அவர்கள் சாகக் கிடந்ததால் அவர் போனார். பால்காரர் ஊற்றும் பாலைக்கூடத் தொட்டுப் பார்க்கிற எனக்கு இது தோன்றவே இல்லை.

மாமா போய்விட்டார் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். எழுந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். டாக்டர் அலையக்கூடாது என்று சொல்லியிருந்தார். அன்று அதை நான் சொல்லவில்லை. கார் பிடித்துப் பழனி ரோட்டில் மாமாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

நடுக்கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி. அப்பாவுக்கு அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பெட்டியின் கண்ணாடி மூடியைக் கையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஏலே, சாகக் கெடந்து வந்திருக்கேன், ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணலையா ஒனக்கு? அப்படி என்னடா கோவம்?"

சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள். நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தேன். "வந்தாருப்பா. மூணு தடவ வந்தாரு. நான்தான் உள்ள விடல. போனையும் நான்தான் தடுத்து வச்சேன்" என்றேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்.

மாமாவின் மகள், நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாள்களை அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கூட்டத்தில் பேசுவதற்காக மாமா எழுதியது. அப்பா அவசரத்தில் மூக்குக் கண்ணாடியை எடுத்து வரவில்லை. தாள்களை என் பக்கம் நீட்டினார்.

"படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

படித்தேன். கன்னிவாடியில் சேற்றில் விழுந்த எருமையை அப்பா இறங்கித் தூக்கியது, பரீட்சை அன்று மாமாவுக்குத் தன் செருப்பைக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போனது, இப்படி எனக்கே தெரியாத என் அப்பா அதில் இருந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் ஓர் இடத்தில் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இரண்டாவது தாளின் நடுவில் நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட? படி" என்றார் அப்பா.

"'இவன் வீட்டுக்கு நான் நேரம் பார்த்துப் போனதில்லை. சொல்லிவிட்டும் போனதில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட இவன் வீட்டு வாசலில் நான் காத்து நின்றதில்லை.'"

அப்பா பெட்டியின் மீது கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த வரிய அடிச்சிட்டு மேல படி. பொய்யா இருக்கக் கூடாது."

யாரோ ஒரு பேனாவை நீட்டினார்கள். அடித்தேன்.