நெதெல்காவும் விழாத இலையும்

இருபத்தொன்பது வருஷம் தெருக் கூட்டிய நெதெல்கா, இலையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. ரயிலடித் தெரு முழுவதும் அவள் பொறுப்பு. அந்தத் தெருவில் அவளுக்கு ஜென்ம விரோதி ஒன்று உண்டு: ரொட்டிக் கடை வாசலில் நின்ற மல்பெரி மரம். ஜூன் மாதம் கறுப்புப் பழத்தைக் கொட்டி நடைபாதையை ஊதாவாக்கும். குளவி மொய்க்கும். செருப்பில் கறை பட்டவர்கள் மரத்தை விட்டுவிட்டு அவளைத் திட்டுவார்கள்.

நவம்பரில் இன்னும் மோசம். மற்ற மரங்கள் மரியாதையாகக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். இது முதல் உறைபனிக் காலையில் மொத்த இலையையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மூன்று நாளைக்கு அவளுக்கு இடுப்பு நிமிராது. மரத்தை வெட்டச் சொல்லி நகராட்சிக்கு நான்கு மனு எழுதினாள். நான்காவதில் அவள் மரத்தைத் திட்டியிருந்த திட்டைப் படித்து அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

போன ஜூலையில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். இயந்திரம் மரத்தின் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு கிளையையும் ஒடித்தது. ஒடிந்த கிளை பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் நேரமில்லை. ஆகஸ்ட் வெயிலில் மரம் முழுவதும் பழுப்பாகிவிட்டது. நகராட்சித் தோட்டப் பிரிவு மேஸ்திரி ராங்கெல் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“செத்துப்போச்சு நெதெல்கா. நவம்பர்ல மொத திங்கக்கெழம அறுத்துடறோம். இப்ப சந்தோஷமா? எல்லாம் உன் வாய் முகூர்த்தம்!”

“என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா மொதல்ல என் நாத்தனாருக்கில்ல ஏதாவது ஆயிருக்கணும், அண்ணே!”

அன்றைக்கு அவள் ரொட்டிக் கடையில் சூடாக ஒரு பனிட்சா ரொட்டி வாங்கி, மரத்தடியிலேயே உட்கார்ந்து, பாலாடைக்கட்டி விரலில் வழிய வழியத் தின்றாள்.

அக்டோபர் கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை. அறுக்கிற அன்று சருகு தெருவெல்லாம் பறக்குமே, முன்னாலேயே உதிர்த்து வாரிவிட்டால் என்ன? கைக்கு முதலில் எட்டியது அந்த ஒடிந்த கிளைதான். துடைப்பத்தால் நாலு சாத்து சாத்தினாள். ஒன்றும் விழவில்லை. “அட, என்னா பிடிவாதம்!” என்று கையால் பிடித்து இழுத்தாள். இலை கிழிந்து வந்ததே தவிர, காம்பு கிளையை விடவில்லை.

சலித்துப்போய் பக்கத்தில் தாழ்ந்திருந்த நல்ல கிளையில் கை வைத்தாள். இங்கேயும் பழுப்பு இலைதான். ஆனால் லேசாகத் திருகியதும் காம்போடு கழன்று உள்ளங்கைக்கு வந்துவிட்டது. காம்பை ஒட்டிய இடத்தில், நகக்கண் அளவுக்கு, மஞ்சள். மரம் தன் பச்சையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்த இடம் அது. கிளையில் காம்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். காயம் ஆறித் தழும்பானது போல மூடியிருந்தது. அதற்கு நேர் மேலே, கோதுமை மணியை விடச் சின்னதாக, ஒரு மொட்டு. அடுத்த வசந்தத்து இலை!

நெதெல்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமும் காற்றுதான் இலையைப் பிடுங்கிப் போடுகிறது என்று காற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். காற்று வெறுமனே வாங்கிக்கொண்டு போகிறது. காம்படியில் கதவைச் சாத்தி, தழும்பு கட்டி, அடுத்ததையும் தயாராக வைத்துவிட்டு, இலையை விடுவது மரமேதான். ஒடிந்த கிளைக்கு அதைச் செய்ய உயிர் இல்லை.

துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டு நகராட்சிக்கு ஓடினாள்.

“அண்ணே, அறுக்காதீங்க. மரத்துல உசிரு இருக்கு.”

ராங்கெல் கண்ணாடியைக் கழற்றினார். “வெட்டு வெட்டுன்னு என் உயிரை வாங்கினவ நீதானே?”

“நான்தான். புத்தியில்லாம கேட்டேன். செத்தா இலை விழும்னு நெனச்சிருந்தேன் அண்ணே. இல்ல. உசிரு இருந்தாத்தான் விழும்.”

“ஆர்டர் போட்டாச்சும்மா. ஆளுக்கும் வண்டிக்கும் சொல்லியாச்சு. திங்கக்கெழமைக்குள்ள உன் மரம் எலையை விட்டா நான் பேசிப் பாக்கறேன். விடலேன்னா என்னால ஒண்ணும் ஆகாது.”

ஆனால் உறைபனி வரவேண்டுமே! அந்த வாரம் பார்த்து வெயில் இதமாக அடித்தது. ஊரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உலாவியது. வியாழன், வெள்ளி, சனி, எதுவும் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றி, “குளிரை அனுப்பு சாமி” என்று வேண்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் இவளுக்குப் பைத்தியமா என்று பார்த்தாள். நெதெல்கா அதைச் சட்டை செய்யவில்லை; தான் கேட்டபடியே ஒரு உயிர் போகப்போகிறதே என்பதுதான் அவள் கவலை.

திங்கள் விடிந்தபோது கூரையெல்லாம் உறைபனியில் வெள்ளை பூத்திருந்தது. அவள் போவதற்குள் வண்டி வந்துவிட்டது. ரம்பக்காரர் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். ராங்கெல் கைகளைத் தேய்த்தபடி நின்றார். மரத்தில் ஒரு இலை குறையவில்லை.

“பாத்தியா?” என்றார் ராங்கெல். குரலில் கேலி இல்லை.

“வெயில் ஏறட்டும் அண்ணே. உங்க புள்ளைங்க நல்லா இருப்பாங்க, கொஞ்சம் பொறுங்க.”

ரம்பக்காரர் ராங்கெலைப் பார்த்தார். ராங்கெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலடிக் கூரையைத் தாண்டி வெயில் வந்து மரத்தின் உச்சியைத் தொட்டது. காற்று துளியும் இல்லை. ஒரு இலை விழுந்தது. பிறகு இரண்டு. பிறகு உச்சியிலிருந்து கீழ்வரை மரம் மொத்தமாக விட ஆரம்பித்தது. மழைபோலச் சத்தம். ரொட்டிக் கடைக்காரி மாவுக் கையோடு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டாள். வண்டியின் மேல், ரம்பத்தின் மேல், ராங்கெலின் வழுக்கைத் தலை மேல், இலை. ஒடிந்த கிளை மட்டும் ஒன்றைக்கூட விடவில்லை.

“அந்த ஒடிஞ்சதை மட்டும் எடுப்பா. ஆபீஸ்ல நான் சொல்லிக்கிறேன்” என்றார் ராங்கெல், மெதுவாக.

நெதெல்கா கணுக்கால் வரை இலையில் நின்றாள். கண்ணில் நீர் ஒழுக ஒழுக அடிமரத்தைத் தடவினாள்.

“விடு கண்ணு, எல்லாத்தையும் விடு. நான் கூட்டிக்கறேன்.”