இரண்டாம் மிதியில் பிடிக்கும்

இன்று காலை திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அமர்ந்தேன். புறப்பட நேரமிருந்ததால் நடத்துநர் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தார். திரையில் பாலத்தின்மேல் ஓடிய அவருடைய வீரன், தரையே இல்லாததுபோல் உள்ளே விழுந்து மறைந்தான்.

"இன்னாப்பா, ஓட்டை கேமா கீது!" என்றார் ஓட்டுநர்.

"அது பக்குண்ணா, கேம்லயே இருக்குற கோளாறு. பாலத்துல ஓடாம ரெண்டு தபா குதிச்சிக்கினு போனா விழமாட்டான். பழகிப்போச்சு."

"வேற கேம் ஆடேன்."

"சூப்பரா இருக்குதேண்ணா, எப்பிடி உட முடியும்?"

அன்பு எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்று வியந்தபடி, பேருந்து புறப்பட்டதும் கோயில் பூசையில் பாடவேண்டிய பதிகத்தை ஓதத் தொடங்கினேன்.

முண்டியம்பாக்கம் அருகே முன்னே சென்ற லாரி திடீரென நின்றது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பேருந்து நிற்கவில்லை. மீண்டும் மிதித்தார். லாரிக்கு ஒரு முழம் முன்பாக நின்றது.

எனக்குப் பதிகத்தின் அடுத்த அடி மறந்துபோயிற்று. "என்னப்பா இது?" என்றேன்.

"பயப்படாதீங்க சாமி. மொத மிதியில பிடிக்காது, ரெண்டாவதுல கப்புனு பிடிச்சிக்கும். நமக்குப் பழகிப்போச்சு."

"நல்ல வண்டிங்க சாமி!" என்றார் நடத்துநர்.

கைபேசியில் அவருடைய வீரன் விழுந்த மறுகணமே உயிர்பெற்று எழுந்து ஓடினான். பேருந்திலிருந்த எங்களில் எவருக்கும் அந்த வரம் இல்லை.

இறங்கியதும் புகார் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வெள்ளிதோறும் உச்சிக்காலப் பூசைக்கு என்னைத் தவறாமல் கொண்டுசேர்ப்பது அந்த ஒரு வண்டிதான்; புகார் போனால் அதை நிறுத்திவிடுவார்கள்.

தாள் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. நீங்களாயிருந்தால் எழுதியிருப்பீர்களா?