பெரிய வெள்ளியன்று திறந்த மடை

கர்த்தரிடம் சேர்ந்துவிட்ட எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவருடைய தங்கை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு உப்பு வாரப் போனார். அந்தக் கூலியில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் ஒரு வருடமாகத் தவிக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். நாங்கள் கூலிக்குப் போன உப்பளத்து மேஸ்திரியின் மகன்தான் மாப்பிள்ளை. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் பாத்திகளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. உப்பு விளைந்து மறுநாள் வார வேண்டிய பாத்திகளுக்குத் தண்ணீர் விடவே கூடாது. ஆராதனைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் பக்கத்துப் பாத்தி என்று நினைத்து அந்தப் பாத்திகளின் மடையைத் திறந்துவிட்டு ஓடினேன். நமக்கு வரவேண்டிய தண்டனையை ஒருவர் சுமந்து தீர்த்தார் என்று போதகர் சொன்னபோது ஆமென் சொன்னேன். அந்நேரம் அங்கே உப்பெல்லாம் கரைந்துகொண்டிருந்தது.

இருபது குடும்பங்களின் உழைப்பு அது. ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியபோது மேஸ்திரி வரப்பில் நின்று கத்தினார்.

"எவன்டா மடையத் தொறந்து வுட்டது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போய் நின்றார்.

"நான்தாங்க. குடிச்சிட்டு வந்து தெரியாம தொறந்துட்டேன்."

குடிவாடை அடித்தாலே ஒதுங்கிப் போகிறவர் அவர். உண்மை தெரிந்தால் என் கல்யாணம் நின்றுவிடும் என்பதற்காக அப்படிச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் எந்த அளத்திலும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டினார். குடிகாரன் என்று யாரும் பெண் தரவில்லை. என் கல்யாணத்தில்கூட அவர் கோயிலுக்குள் வரக்கூடாதென்று மாமனார் சொல்லிவிட்டார். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். அதைப் பார்த்த பிறகும் நான் பேசவில்லை.

சிறுநீரகம் இரண்டும் கெட்டு, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இப்பவாச்சும் எல்லார் கிட்டயும் சொல்லிட்றேண்ணா."

"சொல்லி இன்னா ஆவப்போவுது பாப்பா? நான் எடுத்துக்கினேன். முடிஞ்சிபோச்சி."

"இத நான் எப்டிண்ணா தீக்கறது?"

"உன்ன யாரு தீக்கச் சொன்னாங்க? சும்மா வாங்கிக்கோ."

அந்தச் சும்மாவைத்தான் என்னால் வாங்க முடியவில்லை. கிருபை இலவசம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். இலவசமாக வாங்கினவள் அப்புறம் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பாள்? ஜெபிக்க முட்டி போட்டால் அந்தப் புதுச் சட்டைதான் கண்ணில் நிற்கிறது. இதை எழுதுவதால் ஈடுகட்டிவிட்டேன் என்று நினைக்கவில்லை. இதற்கு ஈடே கிடையாது.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காவல் இருந்த தோப்புக் கூட்டாளிகளுக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும், பழைய வருத்தத்தை மறந்து மண் போட வந்த உப்பளத்துக் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. நீங்கள் பெரிய மனதோடு மன்னித்தது தப்பே செய்யாத ஆளை. மடையைத் திறந்தவள் நான். என் கணவரும் உங்களோடு சேர்ந்து இப்போதுதான் இதைப் படிக்கிறார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

எங்கள் அண்ணன் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவர் இல்லை.