எல்லாம் தெரிந்த அண்ணாச்சி

அந்தக் கட்டம் மஞ்சளாக இருந்ததுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஆபீஸ் சுவரில் மாட்டிய திரையில் வரிசையாகக் கட்டங்கள். ஒன்றில் வாசல் கேட், ஒன்றில் வேன் நிற்கும் இடம், ஒன்றில் குடோன் என்று எல்லாம் அசைந்துகொண்டிருக்க, பேக்கிங் செட்டுக்கான கட்டம் மட்டும் மஞ்சளாக அப்பிக் கிடந்தது. ஓர் ஆள், ஒரு நிழல்கூடத் தெரியவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து அண்ணாச்சி மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்: "ஏ, கதவோரம் இருக்கவளே, என்ன அம்புட்டுப் பேச்சு? எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், லோடு அனுப்பும் கணக்கைப் பார்க்கும் வேலையில் நான் அப்போது இருந்தேன். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அண்ணாச்சி அங்கே சூப்பர்வைசர். கேமரா வந்த நாளிலிருந்து அவர் செட்டுப் பக்கம் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வெடிமருந்து இருக்கும் அறைகளுக்குள் கரண்டே போகக் கூடாது என்பதால், கேமராவும் ஸ்பீக்கரும் பேக்கிங் செட்டு என்ற கொட்டகைக்கு வெளியே, உள்ளே பார்த்தபடி ஒரு தூணில் கட்டப்பட்டிருந்தன. செட்டுக்குள் பெண்கள் பட்டாசை டப்பாவில் அடைக்க, தூண் அவர்களிடம் பேசும். ஒரு நாள் தூண் சொன்னது: "ஏ, புதுப்பொண்ணு, காலையில இருந்து வெளியே போறதும் வர்றதுமா இருக்கியே, மாசமா இருக்கியா, வயித்துப்போக்கா? சொல்லிட்டுப் போ." செட்டே சிரித்தது. கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன அந்தப் பெண் அன்று சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எப்படி அடங்குறாளுகன்னு" என்றார். சாப்பிட்டு முடித்தவர் போல அவர் முகத்தில் ஒரு நிறைவு.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவருக்கு மிளகாய் வத்தல் மண்டி. தொழுகையை விடாதவர், ஆனால் மார்க்கம் பேசி யாரையும் அறுக்க மாட்டார். அண்ணாச்சியைப் பற்றி வீட்டில் சொன்னபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "அல்லாவுக்கும்தான் எல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்சதை ஊருக்குச் சொல்ல மாட்டான், மூடி வச்சிருவான். அதனாலதான் நாமெல்லாம் தலையைத் தூக்கி நடக்கோம்." எல்லாம் அறிந்தவன் என்று இறைவனைச் சொல்லும்போது, சின்ன வயதில் எனக்கு முதுகு கூசும். அன்றைக்குத்தான் அதில் ஓர் ஆறுதலும் இருப்பது தெரிந்தது. நான் செய்த தப்பு அவனுக்குத் தெரியும் என்றால், நான் செய்யாததும் தெரியும்.

செட்டில் இருந்தவர்கள் அண்ணாச்சியை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். மல்லாங்கிணற்றிலிருந்து வேனில் வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். கதவோரம் அவள் இடம். வேனில் அடித்த கேலி, மாமியாரோடு போட்ட சண்டை என்று தூணுக்குத் தெரிய வழியில்லாதவையும் அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தன. வேன் டிரைவர் தினமும் வந்து அண்ணாச்சி காதில் போட்டுவிட்டுப் போவது ஆபீஸில் இருந்த எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "மனசுல நெனக்கிறதுகூட அவருக்குத் தெரிஞ்சிருதும்மா" என்று கண்ணை அகல விரித்துச் சொல்வாள். அவள் குரலில் பயத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. தன்னை இவ்வளவு கவனமாகப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பது அவள் வாழ்க்கையில் அதுவரை நடக்காத ஒன்று. இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. கதை எழுதுகிறவர்கள் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் புகுந்து, அவள் இப்படி நினைத்தாள், அவன் அப்படி ஏங்கினான் என்று அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அண்ணாச்சியின் மைக்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனிக்குள் சூடம் கொளுத்த முடியாது என்பதால் பூஜை கேட்டுக்கு வெளியேதான். ஆனால் சந்தனமும் குங்குமமும் உள்ளே போகலாம். கத்தரி, தராசு, தள்ளுவண்டி, வேன் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பெண்கள் பொட்டு வைத்தார்கள். தூணில் இருந்த கேமராவை மட்டும் விடலாமா? மல்லாங்கிணற்று அக்கா ஸ்டூல் போட்டு ஏறினாள். அந்த உருண்டையில் முகம் மாதிரி இருந்தது முன்னால் இருந்த கண்ணாடி ஒன்றுதான். அதில் நிறைய சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் திரையில் அந்தக் கட்டம் மஞ்சளாகியிருந்தது.

அண்ணாச்சி திரையைத் தட்டிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் சொருகினார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய்த் தூணைப் பார்க்கவுமில்லை, முதலாளியிடம் சொல்லவுமில்லை. மைக்கை எடுத்து வழக்கம் போலவே, "சிரிச்சது யாருன்னு தெரியும்" என்றார். சிரிப்பு நின்றது. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், பேக்கிங் செட்டைத் தாண்டிப் போன முதலாளி காதில் செல்போன் அடிக்கும் சத்தம் விழுந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோவது மன்னிக்கவே முடியாத குற்றம். கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எல்லோரையும் சோதித்தார்கள், கிடைக்கவில்லை. ஆபீஸுக்குள் வேகமாக வந்த முதலாளி, "யாருய்யா அது? எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லுவீரே, சொல்லும்" என்றார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் எல்லாம் தெரிந்தவராக இருந்துவிட்டு, அதை எப்படிச் சொல்வது? ஒரே ஒரு நொடிதான் அண்ணாச்சி தடுமாறினார். பிறகு, "கதவோரம் இருக்கவ, மல்லாங்கிணத்துக்காரி. என் கண்ணால பாத்தேன்" என்றார்.

அக்காவைக் கூட்டி வந்தார்கள். அவள் மறுத்த விதம் விசித்திரமாக இருந்தது. முதலாளியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அண்ணாச்சியைப் பார்த்தே, "நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக? நல்லா நெனச்சுப் பாருங்க, நான் கொண்டுவரலைன்னு ஒங்களுக்குத் தெரியுமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் குறுக்கே புகுந்தேன். "முதலாளி, அந்தக் கட்டத்துல பூஜை முடிஞ்சதுல இருந்து ஒண்ணுமே தெரியலை, நீங்களே பாருங்க" என்றேன்.

முதலாளி திரையைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். அண்ணாச்சியின் முகம் வெளிறியது. இனி அவர் தொலைந்தார் என்று நான் நினைத்தது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. "கேமராவுல எவ இதைப் பூசுனது?" என்று முதலாளி கேட்டார். அக்கா தயங்கவே இல்லை. "நாந்தான் மொதலாளி. கேமராவும் சாமி மாதிரிதானேன்னு வச்சேன்" என்றாள். போன் கொண்டுவந்தவள்தான் கேமராவை மறைத்திருக்கிறாள் என்று அண்ணாச்சி உடனே பிடித்துக்கொண்டார். முதலாளியும் அதையே நம்பினார். அவருடைய பொய்க்கு அவள் பக்தியே சாட்சியாகிவிட்டது. அன்று சாயங்கால வேனில் அவளை ஏற்றவில்லை. போன் கொண்டுபோனவள் என்ற பேச்சு சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியதில், வேறு எந்தக் கம்பெனி வேனும் அவளுக்காக நிற்கவில்லை.

மறுநாள் கண்ணாடி துடைக்கப்பட்டது. பூஜை முடிந்ததிலிருந்து அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை என்று செட்டுக்கே இப்போது தெரியும். இனி அந்தக் குரலுக்கு யார் பயப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். தூண் பேசியதும் எல்லாத் தலைகளும் முன்பைவிடத் தாழக் குனிந்தன. பார்க்கிற சாமி என்றால் தப்புச் செய்யாமல் இருந்துகொள்ளலாம். பார்க்காமலே தண்டிக்கிற சாமியிடம் என்ன செய்து தப்புவது? நான் அந்த சீசனோடு வேலையை விட்டேன்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். இன்னும் அதே வேலை. திரை இப்போது அவர் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டதாம், சாப்பிடும்போதும் பார்க்கிறாராம். மல்லாங்கிணற்று அக்காவைப் பற்றிக் கேட்டேன். "எந்த மல்லாங்கிணத்துக்காரி? எத்தனையோ பேரு வந்தாளுக, போனாளுக. எனக்கு என்னத்தத் தெரியும்?" என்று பாயசத்தைக் குடித்தார். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வந்து நான் கேட்டது அன்றுதான்.

அந்த அக்கா இப்போது எங்கள் பஜாரில் ஒரு மண்டியில் வத்தல் காம்பு கிள்ளுகிறாள். ஒரு நாள் அங்கே போனபோது பார்த்தேன், மிளகாய்க் காந்தலில் விரல்கள் வீங்கியிருந்தன. என்னை அடையாளம் கண்டதும் சிரித்து, பிள்ளைகளை விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அண்ணாச்சியப் பாத்தீகளா? நான் போன் கொண்டுபோகலைன்னு அவருக்குத் தெரியும்ல?" என்று கேட்டாள்.

"தெரியும்க்கா" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "அதான பாத்தேன். அவருக்குத் தெரியாம இருக்குமா?" என்று சொல்லிவிட்டு, அடுத்த சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.