பதினோராம் கருவிக்குக் கீழே

மழை நின்று மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். சிலவற்றை நானே பிறகு சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் நேரங்கள் கணினியில் இருக்கின்றன. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில்.

மலைச்சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. கீழ்வரிசையில் குடியிருந்த நாற்பது குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அவர்கள் வீடு திரும்பலாமா என்று மாலைக்குள் நான் சொல்ல வேண்டும். என்னுடன் வந்தவர் சம்மட்டிக்கார அண்ணன் ஒருவர்தான். அவருடைய தங்கையின் குடும்பமும் அந்த நாற்பதில் ஒன்று. இரண்டு குழந்தைகளோடு வகுப்பறைத் தரையில் படுத்திருந்தாள்.

வேலை எளிது. மண்ணில் வரிசையாக அதிர்வை உணரும் இருபத்து நான்கு கருவிகளைக் குத்தி வைப்போம். அண்ணன் இரும்புத் தகட்டில் சம்மட்டியால் ஐந்து அடி அடிப்பார். பிறகு அசையாமல் நிற்போம். அதிர்வு போய் வரும் நேரத்தை வைத்து, அடியில் இருப்பது மண்ணா பாறையா என்று தெரிந்துவிடும். ஐந்து பதிவுகளையும் ஒன்றோடொன்று கூட்டினால் வேண்டாத சத்தம் மங்கிவிடும். உண்மையானது மட்டும் நிற்கும்.

மணி 2.10. ஒன்பது மீட்டர் ஆழத்தில் கெட்டியான, தட்டையான அடுக்கு தெரிந்தது. பாறை. நல்ல செய்தி.

இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றேன். பூட்டிய பூட்டையே நாலு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே அண்ணன் சம்மட்டியை எடுத்தார்.

2.47. ஐந்து அடி. அமைதி. பதிவை நிறுத்த மறந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் ஐந்து சிறு துடிப்புகள் வந்தன.

“கால ஆட்டுனீங்களா அண்ணே?”

“மூச்சே விடலயே.”

2.55. மூன்று அடி மட்டும் அடிக்கச் சொன்னேன். அமைதி...

மூன்று துடிப்புகள்.

பதிவுகளைக் கூட்டிப் பார்த்தேன். மங்கவில்லை. வளர்ந்தது. துடிப்பு முதலில் வந்தது பதினோராம் கருவியில். பிறகு பத்திலும் பன்னிரண்டிலும் ஒரே நொடியில். அப்படியென்றால் அது பக்கத்திலிருந்து வரவில்லை.

நேர் கீழேயிருந்து.

3.01. ஒரே ஓர் அடி.

காத்திருந்தோம்...

ஒன்று.

அண்ணன் சம்மட்டியைப் புல்லில் கிடத்தினார். கையைத் துடைத்தார்.

3.06. நாங்கள் அடிக்கவில்லை.

ஐந்து வந்தது.

அமைதி.

மறுபடி ஐந்து. இந்த முறை... அவசரமாக.

அண்ணனின் கைபேசி அடித்தது. தங்கை. எப்போது வரலாம் என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்லட்டும்?”

“வேணாம்னு சொல்லுங்க.”

“காரணம் கேட்டா?”

என்னிடம் காரணம் இல்லை. அலுவலகத்தில் சொல்லவும் இல்லை. வரைபடக் கோடு பாறை என்கிறது, நீ வேறு சொல்கிறாயே என்று மேலதிகாரி கத்தினார். துளை போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன்.

அதிலிருந்து ஆறாம் நாள் துளை போட்டார்கள். ஒன்பது மீட்டரில் வந்தது பாறை இல்லை. சிமென்ட் கூரை. கம்பியோடு.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன் அங்கே வேறொரு வரிசை வீடுகள் இருந்தன. மலை சரிந்து மூடிவிட்டது. இப்போது குடியிருந்தவர்கள் எல்லோரும் அதற்குப் பின் வந்தவர்கள். அப்போது தோண்டிய மீட்பு வீரர் ஒருவரைத் தேடிப் போனேன். தரையில் ஐந்து முறை இரும்பால் தட்டுவார்களாம். பிறகு அமைதியாகக் காது கொடுப்பார்களாம். உயிரோடு இருப்பவர்கள் திருப்பித் தட்டுவார்கள். நான்கு நாள் பதில் வந்தது. பிறகு மலை மறுபடி நகரத் தொடங்கியதால் தோண்டியவர்கள் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள்.

பதில் எப்போது நின்றது என்று கேட்டேன்.



“அது நிக்கல தம்பி. நாங்கதான் தட்டுறத நிறுத்தினோம்.”

அவர் அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். நாற்பது குடும்பங்களுக்கும் வேறு ஊரில் வீடு கிடைத்தது. தங்கையும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்கிறார்கள். அண்ணன் சம்மட்டியை விட்டு வண்டி ஓட்டுகிறார். நான் இதே வேலையில் இருக்கிறேன். மலை இன்னும் மறுபடி சரியவில்லை. அந்த இடத்தில் அதன் பிறகு யாரும் தட்டவில்லை.