பிடியரிசி ஞாயிறு

எனக்கு நன்றாக ஜெபம் பண்ண வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெருமையெல்லாம் போன வருஷத்தோடு போய்விட்டது. எங்கள் சபையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், யாருக்குக் குழந்தை பிறந்தாலும், "அக்கா, நீங்க ரெண்டு வார்த்த ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். கண்ணை மூடினால் போதும், வார்த்தை தானாக வந்து கொட்டும். கண்ணீரும் கூடவே வரும்.

எங்கள் கோவிலில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் அண்டாவில் கொட்டுவோம். அது ஏழைகளுக்குப் போகும். வீட்டில் நாங்கள் சமைப்பது பொன்னி, அண்டாவில் கொட்டுவது பெரும்பாலும் ரேஷன் அரிசி. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நானும் ரேஷன் அரிசியைத்தான் கொட்டினேன்.

புதிதாக வந்த பாஸ்டருக்கு ஒரு யோசனை. நம் சபையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் ஐந்து பேரை முன்னால் கூப்பிட்டு, ஜெபம் செய்து, அந்த அரிசியைக் கொடுக்கலாம் என்றார். பெயர் எழுதும் வேலை, பெண்கள் சங்கத்துச் செயலாளர் என்பதால் என்னிடம் வந்தது.

நான்காவதாக என் பழைய தோழி ஒருத்தியின் பெயரை எழுதினேன். செராமிக்ஸ் தொழிற்பேட்டையில் எட்டு வருஷம் நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். சூளைக்குப் போகும் முன் பீங்கான் ப்யூஸ் கட்டைகளின் ஓரத்தை ஈர ஸ்பான்ஜால் தேய்த்து வழவழப்பாக்குவோம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை நிரந்தரமானதும் நான் நின்றுகொண்டேன். அவளால் நிற்க முடியாது. புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. போன வருஷம் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். நாற்று நடக்கூடப் போனாள்.

கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனாலேயே கேட்கவில்லை. எழுதி முடித்ததும் எவ்வளவு நல்ல மனசு எனக்கு என்று நானே நெகிழ்ந்துபோனேன். இதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

அந்த ஞாயிறு எல்லோரும் வரிசையாக வந்து அரிசி கொட்டினார்கள். அந்த வரிசையில் அவளும் நின்றாள், கையில் மஞ்சள் பையோடு. அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். பொன்னி அரிசி, கல் பொறுக்கிப் புடைத்தது. பையை உதறிக் கடைசி மணிவரை கொட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அப்போதாவது அந்தப் பெயரை அடித்திருக்கலாம். பட்டியலும் பேனாவும் என் கையில்தான் இருந்தன. ஐந்து பேர் என்று பாஸ்டர் சொல்லிவிட்டாரே, நான்கு பேர் வந்தால் என்ன நினைப்பார் என்று பேசாமல் இருந்தேன். என் கவலை அதுதான்.

ஜெபத்தை ஆரம்பித்தேன். "அன்பின் பரலோகப் பிதாவே, நீர் எங்கள்மேல் வைத்த அன்புக்கு அளவில்லை. எங்கள் நடுவில் வெறுங்கையாக நிற்கும் எளியவர்களை நினைத்தருளும். அவர்களுக்குக் கொடுக்கிற மனசை எங்களுக்குத் தாரும்." சபையே தேம்பியது. அன்றுபோல் நான் என்றுமே ஜெபம் பண்ணியதில்லை.

பெயர்களை வாசித்தார்கள். தன் பெயர் வந்ததும் அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள், அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று. பிறகு எழுந்து வந்தாள். சற்றுமுன் காலி செய்த அந்த மஞ்சள் பையை விரித்துப் பிடித்தாள். பாஸ்டர் அண்டாவிலிருந்து அள்ளிப் போட்டார். யாரோ போனில் போட்டோ எடுத்து, பிற்பகலுக்குள் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள்.

மூன்று வாரம் அவள் வரவில்லை. நான்காவது வாரம் வீடு தேடிப் போனேன். முகம் சுளிக்காமல் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"விடுங்கக்கா. எங்க வூட்டு நெலம உங்களுக்குத் தெரியாததா."

"அப்ப கோயிலுக்கு வாம்மா."

"இப்ப பெண்ணாடத்துல ஒரு கோயிலுக்குப் போறேன்க்கா. பஸ்ஸு ஏறிதான் போவணும். அங்க என்னைய யாருக்கும் தெரியாது."

நான் அழுதேன். அவள் அழவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள்.

"முன்னாடி கூப்ட்டது கூட ஆறிப்போச்சுக்கா," என்றாள். "நீங்க ஜெபம் பண்ணீங்களே, அதுதான் ஆறல. பாவம், யாரு பெத்த புள்ளைங்களோன்னு நெனச்சிக்கிட்டு, எல்லாரையும் விட சத்தமா ஆமென் சொன்னேன்."