மெயின்லேண்ட் இல்லாத தலைநகரம்

பம்ப் சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பம்ப்பின் சாஃப்ட் வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் அடைக்க நான் கொண்டுபோயிருந்த ஒரே மெக்கானிக்கல் சீல் உடைந்துவிட்டது. ப்ரைமிங் செய்யாமல், அதாவது உள்ளே தண்ணீர் நிரப்பாமல், காய்ந்த பம்ப்பை ஓட்டியது நான்தான். போர்ட் பிளேரில் இருபத்தாறு வருடம் ஐஸ் பிளாண்ட் மெக்கானிக்காக இருந்தவன் செய்கிற தப்பா அது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

இடம், பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாட்டின் தலைநகரம். ரிடயர் ஆனபின் ஒரு சென்னை கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது. அந்தப் பம்ப் கடல் தண்ணீரை ஏற்றினால்தான் பிளாண்டில் ஐஸ் உறையும். அன்று புதன்கிழமை. ஊர்ப் படகுகள் அத்தனையும் கடலில் இருந்தன, சனிக்கிழமை மீனோடு திரும்பும். ஐஸ் இல்லையென்றால் மொத்தமும் நாறிப்போகும்.

பிளாண்டை நடத்தும் லூசி என்ற அம்மாளிடம், "பார்ட் மெயின்லேண்டிலிருந்து வரணும், பத்து நாளாவது ஆகும்" என்றேன். எங்கள் அந்தமானில் மெயின்லேண்ட் என்றால் இந்தியக் கரை, இந்த வாக்கியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. என் பழைய ஃபோர்மேன் இதைச் சொன்ன கையோடு, "சலோ, சாய் குடிக்கலாம்பா" என்பார். அங்கே ரங்கத் என்ற ஊரில் ஒருமுறை இதே மாதிரி சீலுக்காகக் கப்பலை எதிர்பார்த்துப் பதினெட்டு நாள் சாய் குடித்தோம். மீனவர்கள் மீனைக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

லூசி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "எந்த மெயின்லேண்ட்?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அந்தத் தீவுதான் நாடு. இந்தியாவிலிருந்து வரணும் என்று திருத்திச் சொன்னேன். தலையாட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கோ வேலையில்லை, ஊர் சுற்றினேன். தலைநகரம் என்று பேர்தான், போர்ட் பிளேரில் நான் குடியிருக்கும் லம்பா லைனில்கூட இதைவிட ஹார்ன் சத்தம் அதிகம். மெயின் ரோட்டில் ஒரு பன்றி குட்டிகளோடு நிதானமாகக் கடந்துபோனது. பேக்கரி வரிசையில் எனக்கு முன்னால் ரப்பர் செருப்போடு நின்றவர் மந்திரி என்று பிறகு சொன்னார்கள். மெயின்லேண்ட் இல்லாமல் இவர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள் என்று கடை கடையாக எட்டிப் பார்த்தேன். சோப்பு ஒரு தேசத்துச் சரக்கு, அரிசி இன்னொரு தேசத்துச் சரக்கு.

சாயங்காலம் பிளாண்டுக்குத் திரும்பினால், லூசி படகுப் பட்டறையிலிருந்து ஒரு சுருள் கிளாண்ட் கயிறு கொண்டுவந்திருந்தார். ப்ரொபெல்லர் சாஃப்ட் வழியாகப் படகுக்குள் தண்ணீர் ஏறாமலிருக்கச் சுற்றும் கொழுப்பூறிய கயிறு. அதை அமுக்கிப் பிடிக்கப் புஷ் என்கிற பழைய உலோக வளையம் ஒன்றை லேத்தில் கடைந்தும் வாங்கி வந்திருந்தார்.

"சீல் போடுற பம்ப்புல கயிறா? ஒழுகுமே" என்றேன்.

"ஒழுகட்டும். எனக்கு ஐஸ் வேணும்" என்றார்.

சீல் உட்காரும் இடத்தில் கயிற்றை வளையம் வளையமாக நறுக்கிச் செருகி இறுக்கினோம். இந்த முறை தண்ணீர் நிரப்பினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன். சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே ஓடியது. சனிக்கிழமை வந்த படகுகளுக்கு ஐஸ் தயாராக இருந்தது. ஒரு மீன் வீணாகவில்லை.

ஊர் திரும்பியபின் ஒரு கல்யாணத்துக்காக ரங்கத் போனேன். பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் அதே கயிறு தொங்கியது. எத்தனை நாளாக விற்கிறீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டேன். இந்தி கலந்த எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்:

"கடை தொறந்த நாள்லேர்ந்து இருக்குண்ணே, முப்பது சால் ஆச்சு. போட்காரங்க ரோஜ் வாங்குவாங்க. எத்தனை மீட்டர் சாஹியே?"

அன்று மீன் புதைத்த இடம் அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். பார்ட் இல்லை என்று சொல்லும் முன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், மெக்கானிக் தம்பிகளா. பதினெட்டு நாளில் நாங்கள் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.